இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் தம்பி வீட்டில்

பால் விலை ஏறிய வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பேக்கரிச் சந்திலுள்ள ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடி மட்டும் தனியாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து நின்றது. மாடிக்கு ஒரு வீடு என்று கட்டிய ஒல்லிக் கட்டடம் அது. படிக்கட்டு முன்பக்கம், வெளியே. கீழ்வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேல்வீட்டில் அப்போது கணவனும் மனைவியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள், அதனால் அவர்களுக்கும் தெரியவில்லை. தெருவில் நின்றவர்கள்தான் பார்த்தார்கள். சதுர வீடு திரும்பும்போது அதன் மூலை தெருவுக்கு மேல் நீட்டிக்கொண்டு வந்தது, எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த ஒரு துண்டைக் கொக்கி போட்டு இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனது, திரும்பி வரும்போது அதே கொடியில் அதை விட்டுவிட்டது. துண்டுக்காரர் தொட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்துவிட்டது என்றார். அதன் பிறகு பேச்சு பால் விலைக்குத் திரும்பியது.

அந்த வீட்டில் இருந்தது ஒரே ஆள். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில் என்பதால், அவளைவிட மூத்தவர்கள்கூடப் பல்செட் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முன்னறையில் வேலை மேஜை, அதன்மேல் வரிசையாக வாய் திறந்து சிரிக்கும் பாதித் தாடைகள். மற்றபடி சுவர் தெரியாத அளவுக்கு இசைத்தட்டுகள். காலி செய்கிற வீடுகள், மூடிய நடன மண்டபங்கள், கலைந்துபோன வாத்தியக் குழுக்கள் என்று எங்கே கேள்விப்பட்டாலும் ஞாயிற்றுக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கையில் தூசியும் முகத்தில் புது மாப்பிள்ளை களையுமாகத் திரும்பி வருவாள். எல்லாப் பாட்டும் போனிலேயே இருக்கும்போது இந்தப் பாரத்தை எதற்குச் சுமக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "போன்ல இருக்கு, ஒத்துக்கறேன். எங்க இருக்குன்னு தொட்டுக் காட்டு பாப்போம்."

அன்று அவள் பிளேயருக்குப் புது ஊசி மாட்டியிருந்தாள். அப்பாவின் பிளேயர் அது. அப்பா கான்கிரீட் கலக்கும் லாரி ஓட்டியவர். நாள் முழுக்க முதுகுக்குப் பின்னால் ஒரு பீப்பாய் சுற்றிக்கொண்டே இருந்தது போதாதென்று, வீட்டுக்கு வந்ததும் தட்டைச் சுற்றவிட்டு உட்காருவார். அக்கா ஊசியை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். ஜன்னலில் பேக்கரி இருந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் பேக்கரி நகர்ந்து ஆஸ்பத்திரி வந்தது. தலைசுற்றல்தான் என்று எலுமிச்சை பிழிந்து குடித்தாள். ரயில் யார்டு வந்து நின்றபோது முதல் பக்கம் முடிந்திருந்தது. தட்டைத் திருப்பிப் போட்டாள். பள்ளிக்கூட மைதானம் வந்தது, பிறகு பேக்கரி, ஊசி தானாக எழுந்து தன் இடத்துக்குப் போனது. அக்கா இன்னொரு தட்டை எடுத்தாள். வேறென்ன செய்வாள்?

சட்டதிட்டம் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. ஓர் ஆல்பம் முழுக்க ஓடினால் வீடு ஒரு சுற்று. சோக இசையாக இருந்தால் மெதுவாக, கவனமாகத் திரும்பும். டிரம்ஸ் அதிகமென்றால் மேஜைமேல் தாடைகள் கிட்டித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தோடு நிறுத்தினால் வீடு பாதியில் நிற்கும். அப்படி நிற்கும்போது வேறு எந்தத் தட்டைப் போட்டாலும் அசையாது, கேட்ட பக்கத்தையே மறுபடி போட்டாலும் அசையாது. எடுத்ததை முடித்துவிட்டு வா என்று பிடிவாதம் பிடிக்கும். போனில் போட்டால் சுத்தமாக ஒன்றுமில்லை. குழாயும் கம்பியும் எப்படி முறுக்கிக்கொள்ளாமல் இருக்கின்றன என்று பார்க்க வந்த பிளம்பர் ஒரு முழு ஆல்பம் கேட்டார், டீ குடித்தார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்தார். ஒரு மாதத்துக்குள் சந்தில் பாதிப் பேர் அக்காவின் முன்னறையில் தவம் கிடந்தார்கள். கையில் பழைய தட்டோடு வருகிறவர்களுக்கு ஜன்னலோர இடம். மேல்வீட்டுத் தம்பதி தங்கள் சண்டையை இங்கே வந்து போட்டார்கள். எந்தத் தட்டு என்பதில் ஆரம்பிக்கும் சண்டை, ரயில் யார்டு தாண்டுவதற்குள் அடங்கிவிடும்.

கட்டடத்தின் குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. நாற்காலியில் ஏறி பல்பு மாட்டினாலே கிறுகிறுத்துப்போகிற மனிதர் அவர். ஆனாலும் சுற்றி முடித்துச் சரியான இடத்துக்கு வந்துவிடுகிற வீட்டைப் பற்றி என்னவென்று புகார் சொல்வது? பொறுத்துக்கொண்டார். அந்த மஞ்சள் கோட்டு ஆல்பம் வெளியே வரும்வரை பொறுத்துக்கொண்டார்.

அது இரட்டைத் தட்டு ஆல்பம். அட்டையில் மஞ்சள் கோட்டுப் போட்ட ஒருவர் மடியில் டிரம்பெட்டை வைத்தபடியே தூங்குவார். அப்பாவுக்கு உயிர். அக்காவுக்கும் தம்பிக்கும் சின்ன வயதில் அடிதடி நடந்ததெல்லாம் அதை யார் புரட்டிப் போடுவது என்பதில்தான். அப்பா போன பிறகு தட்டுகளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது, செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த தம்பி, எல்லாவற்றையும் நகத்தளவு கார்டில் ஏற்றிவிட்டுத் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அக்காவுக்கு உச்சிமுதல் உள்ளங்கால்வரை பற்றிக்கொண்டு வந்தது. வார்த்தை தடித்தது. அப்படியானால் எனக்கும் பாதி வேண்டும் என்று தம்பி முறுக்கிக்கொள்ள, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து உனக்கொன்று எனக்கொன்று என்று சீட்டுப் பிரிப்பதுபோலப் பிரித்தார்கள். கடைசியில் மஞ்சள் கோட்டு வந்தது. அதிலும் ஆளுக்கொரு தட்டு, அட்டை அக்காவுக்கு. இரண்டு பேரும் கோபத்தில் தட்டின் நடுவே ஒட்டியிருந்த எண்ணைப் பார்க்கவில்லை. அதன் பிறகு ஆறு வருஷம் பேச்சு இல்லை.

எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். அப்பாவின் பிளேயரில் நடுக்கம்பியில் இரண்டு தட்டை ஏற்றிவிட்டால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாகத் தொப்பென்று அதன்மேல் விழும். பிறகு அடுக்கை அப்படியே ஒருமுறை புரட்டி வைத்தால் போதும், மீதியும் வரிசையாக ஓடும். அதற்கு வசதியாக ஒரு தட்டில் ஒன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும், இன்னொன்றில் இரண்டாம் பக்கமும் மூன்றாம் பக்கமும் பதித்திருந்தார்கள். ஆக, முதல் பாதி ஒருவருக்கு, பின்பாதி ஒருவருக்கு என்று அவர்கள் பிரித்துக்கொண்டதாக நினைத்தது தப்பு. ஆரம்பமும் முடிவும் அக்காவிடம் இருந்தன. நடுவில் நடந்தது முழுக்கத் தம்பியிடம் போய்விட்டது.

இது தெரியாமல், ஆளில்லாத ஒரு மத்தியானம், அக்கா தன் தட்டைப் போட்டாள். ஒன்றாம் பக்கம் கால் சுற்று. டிரம்பெட் எதையோ கேட்பதுபோல மேலே ஏறி, பதில் வருவதற்குள் நின்றுவிட்டது. திருப்பினாள். எல்லோரும் விடைபெற்றுக்கொள்கிற மாதிரி ஒரு இசை, இன்னொரு கால் சுற்று, முடிந்தது. வீடு பின்பக்கம் முன்பக்கமாக நின்றது. அப்போதுதான் எண்ணைப் பார்த்தாள். ஒன்று, நான்கு. "அட கடவுளே" என்றாள். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அன்றிலிருந்து வாசற்கதவைத் திறந்தால் மூன்று மாடி உயரத்தில் வெறும் காற்று, கீழே தண்டவாளம். படிக்கட்டுக்கு நேரே வந்து நின்றது சமையலறை பால்கனி. வருகிறவர்கள் பால்கனிக் கம்பியைத் தாண்டி, அடுப்பைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியிருந்தது. புதுப் பல்லை மாட்டிப் பார்க்க வந்த ஒரு ரிட்டயர்ட் தலைமையாசிரியை, பல்லில்லாத வாயால் முணுமுணுத்தபடி ஏறிக் குதித்தார். போகும்போது, பல் இருந்ததால், திருத்தமாகத் திட்டிவிட்டுப் போனார். இதெல்லாம்கூடப் பழகிப்போயிருக்கும். ஆனால் ஒருநாள் காலையில் அக்கா தூக்கக் கலக்கத்தில் பால் வாங்க வாசற்கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டாள். கதவுப் பிடியில் தொங்கிய ஒரு நொடியில், ஒரு சரக்கு ரயில் முழுசாகக் காலுக்கடியில் போனது. அதை யார்டு ஊழியர் ஒருவர் பார்த்துவிட்டார். சாயங்காலத்துக்குள் செயலாளர் பால்கனிக்கு அந்தப் பக்கம், படிக்கட்டிலேயே, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

"பிளான்ல உங்க கதவு இங்க இல்லம்மா. இந்த மாசத்துக்குள்ள வீடு திரும்பலன்னா பிளேயரையும் தட்டையும் கயிறு கட்டி இறக்கிடுவோம். மொத்தத்தையும். சங்கம் முடிவு பண்ணிடுச்சு."

அக்கா சுவர் முழுக்க ஒருமுறை பார்த்தாள். தட்டுகள் போய்விட்டால் அவளிடம் மீதி இருப்பது மற்றவர்களுடைய பற்கள் மட்டும்தான். ஆனாலும் தம்பியிடம் போய் நிற்க மனசு வரவில்லை. ஒரு வாரம் வீம்பு பிடித்தாள். பிளேயரில் தட்டைக் கையால் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தாள், வீட்டைத் தோளால் தள்ளிக்கூடப் பார்த்தாள். கடைசியில் செல்போன் கடைக்குப் போய்க் கண்ணாடி மேஜைக்கு முன்னால் நின்றாள். தம்பி வாயில் ஸ்க்ரூ டிரைவரைக் கவ்விக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்ததும் அது கீழே விழுந்தது.

"போன் ரிப்பேரா?" என்றான்.

"வீடு ரிப்பேர்" என்றாள்.

அவன் எல்லாவற்றையும் கேட்டான். வீடு சுற்றுவதைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தான், அவனைக் கூப்பிடவில்லை என்ற வருத்தம் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. "ரெண்டாவது பக்கமும் மூணாவது பக்கமும்தான வேணும்? போன்லயே இருக்கு. இப்பவே அனுப்பறேன்" என்றான். அக்கா வீட்டுக்கு வந்து போட்டாள். இசை வந்தது, வீடு அசையவில்லை. சவுண்டு பத்தலை என்று சொல்லித் தம்பியே கிளம்பி வந்தான். கடையிலேயே பெரிய ஸ்பீக்கரைப் பால்கனி வழியாக ஏற்றி, முழு வேகத்தில் வைத்தான். பேக்கரியில் தட்டுகள் அதிர்ந்தன, ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் அனுப்பினார்கள், யார்டில் ஓர் எஞ்சின் பதிலுக்கு ஊதியது. வீடு கல்லு மாதிரி நின்றது. தம்பி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"தட்டு எங்கடா?"

தம்பி ஸ்பீக்கர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"உன்கிட்டதான கேக்கறேன். தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல."

"பின்ன?"

"மணி காட்டுது" என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

தம்பியின் மனைவி கைவேலைக்காரி. பரணில் சும்மா கிடக்கிறதே என்று அந்தத் தட்டின் ஓட்டையில் ஒரு சின்ன மெஷினைப் பொருத்தி, இரண்டு முள் வைத்துச் சுவரில் மாட்டிவிட்டாள். ஆறு வருஷமாக அந்த வீட்டில் எல்லோரும் மஞ்சள் கோட்டுக்காரரின் இரண்டாம் பக்கத்தைப் பார்த்துத்தான் எழுந்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். இதைக் கேட்டதும் அக்காவுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். கோபம் கிளம்பியதும் உண்மைதான். ஆனால் தொண்டைக்கு வருவதற்குள் அது சிரிப்பாகிவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மேஜையில் கை பட்டு மூன்று தாடைகள் உருண்டன, தம்பியும் சிரித்தான், இருமினான், கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சரியா காட்டுதா?" என்று கேட்டாள். "அஞ்சு நிமிஷம் லேட்" என்றான். மறுபடியும் சிரித்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் தம்பியும் மனைவியும் கடிகாரத்தைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். சந்தே படிக்கட்டில் கூடிவிட்டது. அன்றோடு கெடு முடிகிறது என்று செயலாளர் கயிறோடு வந்திருந்தார். பல்லுக்குள் கம்பி பொருத்துகிற இடுக்கியால் அக்கா முள்ளைக் கழற்றினாள், மெஷினைக் கழற்றினாள். ஒட்டின பசை வரிகளுக்குள் இறங்கியிருந்தது. பல்செட் துடைக்கும் மெல்லிய பிரஷ்ஷால், சோப்புத் தண்ணீர் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். தம்பி மனைவி சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. அழகா இருந்துச்சேன்னு மாட்டினேன்." அக்கா தலை நிமிராமலே, "அழகாத்தான் இருக்கு. விடு" என்றாள்.

ஊசி இறங்கியது. கொஞ்சம் கரகரப்பு. பிறகு, ஒன்றாம் பக்கத்தின் கடைசியில் டிரம்பெட் கேட்டுவிட்டுப் போன கேள்விக்கு இன்னொரு டிரம்பெட் பதில் சொன்னது. வீடு ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. படிக்கட்டில் நின்றவர்கள் கைதட்டினார்கள். சமையலறை ஜன்னலில் ஆஸ்பத்திரி வராந்தா எட்டிப் பார்க்கிற நேரத்தில் ஊசி பசையில் மாட்டிக்கொண்டது. ஒரே துண்டு இசை திரும்பத் திரும்ப ஓட, வீடு ஒரு முழம் முன்னால் போய் ஒரு முழம் பின்னால் வந்தது. வராந்தாவில் காலில் கட்டுப்போட்ட ஒருவர் கையாட்டினார், மறைந்தார், மறுபடி வந்து கையாட்டினார், மறைந்தார். பாத்திரங்கள் இறங்கி நடனமாடின. வெளியே செயலாளர் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தட்டு தேறாது என்று அக்கா ஊசியைத் தூக்கப் போனாள். "தலைல கொஞ்சம் பாரம் வைக்கா!" என்று தம்பி கத்தினான். எட்டின தூரத்தில் இருந்தது ஒரு பீங்கான் கடைவாய்ப் பல். அக்கா அதை எடுத்து ஊசியின் தலைமேல் வைத்தாள். ஊசி பசையைத் தாண்டிவிட்டது. கட்டுப்போட்டவர் கடைசியாக ஒருமுறை கையாட்டினார்.

பக்கம் முடிந்ததும் அக்கா எழப் போனாள். அதற்குள் தம்பி எழுந்திருந்தான். விரல் வரிகளில் படாமல், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் விளிம்பைத் தாங்கி, அப்பா புரட்டுகிற மாதிரியே புரட்டி வைத்தான். எல்லாம் போனில் இருக்கிறது என்று சொல்கிற அவனுடைய கைக்கு அது மறந்திருக்கவில்லை. அதைப் பார்த்தபோதுதான் அக்காவுக்கு அழுகை வந்தது. ஆறு வருஷத்தை வீணாக்கிவிட்டோமே என்றுதான் அழுதாள், வேறொன்றும் இல்லை. தம்பி மனைவி டீ போடுகிற சாக்கில் உள்ளே போனாள்.

மூன்றாம் பக்கத்தில் வீடு மைதானத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. வாசற்கதவு படிக்கட்டுக்கு நேரே வந்து, பெட்டி மூடுகிற சத்தத்தோடு நின்றது. அக்கா கதவைத் திறந்தாள். எதிரே செயலாளர், கையில் கயிறு. தன் காலுக்கும் வாசலுக்கும் நடுவில் இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார், இல்லை. "டீ ஆறிடும், உள்ள வாங்க" என்றாள் அக்கா. அவர் வந்தார். கயிற்றைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வந்தார்.

கிளம்பும்போது தம்பி, தட்டை அட்டைக்குள் போட்டு அவளிடம் நீட்டினான். "நீயே வெச்சுக்கோக்கா. ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்." அக்கா கையை நீட்டியவள் ஏனோ இழுத்துக்கொண்டாள். பிறகு தட்டை வெளியே எடுத்து, மெஷினையும் இரண்டு முள்ளையும் திரும்பப் பொருத்தி, நேரம் சரிசெய்து, அவன் கையிலேயே கொடுத்தாள். "உன்கிட்டயே இருக்கட்டும். இல்லன்னா நீ எங்க வரப்போற?" என்றாள்.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தம்பி குடும்பம் வருகிறது. நடுக்கம்பியில் இரண்டு தட்டையும் ஏற்றுகிறார்கள். ஒன்று, இரண்டு, அடுக்கைப் புரட்டி மூன்று, நான்கு; ஒரே சுற்று, வாசல் வாசலுக்கு வந்துவிடுகிறது. பசை இருந்த இடத்தில் இன்றைக்கும் பல் வைக்கிறார்கள். யார் புரட்டுவது என்ற சண்டையும் உண்டு, இப்போது நீ எழுந்திரு, நீ எழுந்திரு என்று. சில வருஷத்தில் சந்தில் மற்றவர்களும் பிளேயர் வாங்கினார்கள். மேல்வீடு கிழக்கே போகும்போது கீழ்வீடு மேற்கே போகும், தபால்காரர் பாட்டு முடியும்வரை பேக்கரியில் உட்கார்ந்திருப்பார், வீடு வாடகைக்கு என்று போடுகிறவர்கள் எந்தத் திசை என்று எழுதுவதை விட்டுவிட்டார்கள். செயலாளர் மெதுவான பியானோ தட்டுகளாகப் பார்த்துச் சேர்க்கிறார், கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். ஒரு ஞாயிறு தம்பிக்குக் காய்ச்சல் என்று தெரியாமல் அக்கா அவசரப்பட்டு ஒன்றாம் பக்கத்தைப் போட்டுவிட்டாள். வீடு கால் சுற்றில் நின்றது. படிக்கட்டுக்கு நேரே படுக்கையறை ஜன்னல். அவள் பிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு, ஜன்னல் வழியாக இறங்கித் தம்பியைப் பார்க்கப் போனாள். வீட்டை அடுத்த ஞாயிறு திருப்பிக்கொண்டார்கள்.

தம்பி வீட்டில் மட்டும் ஒரு சின்னக் குறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே சுவரில் ஓர் ஆணிதான் இருக்கும். திரும்பி வந்து அதை மாட்டுவதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் யாராவது வந்து மணி என்ன என்று கேட்டால், தம்பியின் மனைவி வெறும் சுவரைப் பார்த்துவிட்டு, "கடிகாரம் அக்கா வீட்டுக்குப் போயிட்டு இப்பதாங்க வந்துச்சு, கொஞ்சம் இருங்க, மாட்டிட்டுச் சொல்றேன்" என்பாள். அவர்களும் நின்று கேட்டுக்கொண்டு போவார்கள்.